கம்பளி ஓவியத்தில் மணி வேலைப்பாடும் எம்பிராய்டரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் என் வீட்டு முன்னறையில் சனிக்கிழமைதோறும் ஒரு சிறிய கைவேலை வகுப்பு நடத்துகிறேன். வகுப்புக்கு வருபவர்களும், படங்களைப் பார்த்துவிட்டுத் தொலைபேசியில் அழைப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே ஓரிடத்தில் எழுதி வைக்கிறேன். கம்பளி ஓவியம் என்று நான் சொல்வது, ஆட்டுக் கம்பளி இழைகளைச் சுடுநீரும் சோப்பும் இட்டுத் தேய்த்தோ, முள் வைத்த ஊசியால் குத்திக் குத்தியோ இறுக்கி உண்டாக்கும் ஃபெல்ட் துணியில் அமைந்த சுவர்ப் படத்தை. அதன் மேல் கையால் மணி கோப்பதும் பூவேலை செய்வதுமே இந்தப் பக்கத்தின் பொருள்.

வியர்த்துக் கொட்டும் கொழும்பில் கம்பளியை வைத்து என்ன செய்வது?

உடுப்பதற்கு அல்ல, பார்ப்பதற்கு. கம்பளி ஒளியை உறிஞ்சிக்கொள்ளும்; கண்ணாடி மணி ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உண்டாகும் வேறுபாடு பட்டிலோ பருத்தியிலோ கிடைப்பதில்லை, ஏனெனில் பட்டுக்குத் தனக்கே மினுக்கம் உண்டு, பருத்தியோ மணியின் பாரத்தில் தொய்ந்துவிடும்.

கம்பளி குளிர்நாட்டார் சொத்து என்பதும் முழு உண்மையல்ல. சைபீரியாவின் அல்தாய் மலைப் பகுதியில் பாசிரிக் புதைமேடுகளின் பனிக்குள் கிடைத்த, ஃபெல்ட் துண்டுகளை வெட்டி ஒட்டுத்தையல் போட்ட தொங்கலுக்கு 2,000 ஆண்டுகளுக்கு மேல் வயதிருக்கிறது என்பது சரிதான். ஆனால் நமக்குக் கிட்டிய நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைப் பருத்திப் போர்வையில் சிவப்பும் கறுப்புமான கம்பளி நூலால் எண்ணித் தைக்கும் பூவேலை 2013ஆம் ஆண்டில் இந்தியாவின் புவிசார் குறியீட்டைப் பெற்றது. குஜராத்தின் கச்சுப் பகுதியில் வாழும் ரபாரி இடையர் குலப் பெண்களோ பாலைவன வெயிலிலும் கறுப்புக் கம்பளி முக்காட்டில் பூவேலை செய்து அணிகிறார்கள். வெக்கை ஒரு தடையென்றால் அவர்களல்லவா முதலில் கைவிட்டிருக்க வேண்டும்?

கடையில் "வுல்" என்று சொல்லித் தந்தார்கள். அது கம்பளிதானா?

பெரும்பாலும் இல்லை. நம்மூர்க் கடைகளில் பின்னல் நூல் எல்லாவற்றுக்கும் "வுல்" என்றே பெயர். உள்ளே இருப்பது அக்ரிலிக். பள்ளிக் கைவேலைக்கு வாங்கும் மெல்லிய வண்ண ஃபெல்ட் தாள்களும் அநேகமாக பொலியெஸ்டர்தான். அவற்றில் பழகுவதில் குற்றமில்லை. ஆயினும் மணியை அவை ஏந்தும் விதம் வேறு, நாட்பட நடந்துகொள்ளும் விதமும் வேறு.

கண்டுபிடிக்க எளிய வழி நெருப்புச் சோதனை. நூலில் ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியால் பிடித்து, பீங்கான் தட்டுக்கு மேல் தீக்குச்சியைக் காட்டுங்கள். பக்கத்தில் ஒரு கோப்பை தண்ணீர் இருக்கட்டும். கம்பளி மெதுவாகப் பொசுங்கி, தீயை எடுத்ததும் தானே அணைந்து, தலைமயிர் கருகிய நாற்றம் வீசும். சாம்பலை விரலால் நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறியபின் கறுத்த கெட்டி உருண்டையாக நிற்கும். பருத்தி காகிதம்போல் எரியும். கம்பளியும் மயிரும் ஒரே கெரட்டின் புரதத்தால் ஆனவை என்பதால்தான் அந்த நாற்றம்; பின்னர் பூச்சி பற்றிச் சொல்லும்போதும் இந்தக் கெரட்டின் திரும்ப வரும்.

நெருப்புக்குப் பயப்படுபவர்கள் சிறு துண்டைக் குளோரின் வெளிறாக்கியில் ஓரிரவு ஊறவிடலாம். கம்பளி கரைந்துபோகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். கலப்பு நூலாயின் பாதி கரைந்து மீதி தங்கும்.

அப்படியானால் உண்மையான கம்பளிக்கு எங்கே போவது?

யாழ்ப்பாணத்து ஆடு உதவாது. நம் செம்மறிக்கு உடலில் இருப்பது மயிர்தான், நூற்கத் தகுந்த கம்பளி அல்ல. வெளிநாட்டிலிருந்து வரும் உறவினரிடம் சாயமிட்ட மெரினோ இழை கேட்பது ஒரு வழி. எடை குறைவு, பெட்டியில் இடம் மட்டும் பிடிக்கும். எனக்குப் பிடித்த வழி மலிவானது. நுவரெலியாவிலும் புறக்கோட்டை நடைபாதைகளிலும் குவித்து விற்கும் பழைய குளிருடைகளில் கையை விட்டுத் துழாவி, உட்பக்கச் சீட்டில் 100 சதவீதம் கம்பளி என்று இருப்பதையோ, 1964இல் அறிமுகமான, நூற்பந்துபோல் சுழலும் வுல்மார்க் சின்னம் உள்ளதையோ எடுக்கிறேன்.

அந்த உடுப்பைச் சுடுநீரில் சோப்பிட்டுக் கசக்கினால், இழைகளின் மேலுள்ள நுண்ணிய செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி சுருங்கித் தடிக்கும். கால் பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை அளவு குறையும் என்று எதிர்பார்க்கலாம். பின்னல் கண்கள் கண்ணுக்குத் தெரியாத நிலை வந்தால் கத்தரித்தாலும் பிரியாது. இயந்திரத்தில் கழுவலாம் என்று சீட்டில் எழுதியிருந்தால் வாங்காதீர்கள். அந்த இழையின் செதில்களை மருந்திட்டு மழுக்கியோ மூடியோ இருப்பார்கள். எவ்வளவு கசக்கினாலும் இறுகாது.

ஃபெல்ட் முழுதும் முடிந்த பின்தான் மணி வேலையைத் தொடங்க வேண்டுமா?

ஆம், முடிந்து, காய்ந்து, அழுத்தித் தட்டையாக்கிய பின். ஈரக் கம்பளி காயும்போது இன்னும் சற்றுச் சுருங்கும், நூல் சுருங்காது. விளைவாக மணிகள் தளர்ந்து ஆடும். ஐப்பசி மழையில் மின்விசிறிக்குக் கீழே வைத்தாலும் தடித்த துண்டு காய இரண்டு நாள் எடுக்கிறது. மேற்பரப்பு காய்ந்துவிட்டது என்று ஏமாறாமல், கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

முள்ளூசி வேலை எதுவாயினும் மணிக்கு முன்பே முடித்துவிட வேண்டும். அந்த ஊசி கண்ணாடி மணியில் பட்டால் முனை முறிந்து உள்ளே தங்கிவிடும்.

வரைபடத்தைக் கம்பளியில் எப்படி ஏற்றுவது?

கார்பன் தாள் பயனில்லை, பேனா மையோ இழைகளில் பரவும். டிசு தாளில் வரைந்து, அதைக் கம்பளியின் மேல் வைத்து, கோடுகளின் வழியே வெளிர்நிற நூலால் ஓட்டுத் தையல் போட்டுவிட்டுத் தாளை மெல்லக் கிழித்தெடுங்கள். வேலை முடிய அந்த நூலை உருவிவிடலாம்.

எந்த மணி, எந்த ஊசி, எந்த நூல்?

மணியின் அளவு எண் தலைகீழானது: எண் கூடக் கூட மணி சிறுக்கும். 11ஆம் அளவு ஏறத்தாழ 2 மில்லிமீற்றர், 8ஆம் அளவு 3, 6ஆம் அளவு 4. தொடங்குபவருக்கு 11உம் 8உம் போதும். 15ஆம் அளவு கம்பளியின் பஞ்சுக்குள் புதைந்து காணாமல் போகும். செக் நாட்டு மணிகள் சற்று ஒழுங்கற்றவை, ஜப்பான் மணிகள் அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவானவை. மணி எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டிய கோலத்துக்கு ஜப்பானும், இலை, நீர், மண் போன்றவற்றுக்குச் செக்கும் என்பது என் பழக்கம். இயற்கையைக் காட்டும் இடத்தில் ஒரே அளவு மணி உயிரில்லாமல் கிடக்கும்.

புறக்கோட்டைக் குறுக்குத் தெருக்களில் நிறையளவில் விற்கும் மணிகளுக்கு விலை குறைவு, சாயம் நிற்பதுதான் சந்தேகம். ஒருமுறை ஆழ்ந்த ஊதா மணிகளால் கத்தரிப்பூ ஒன்றை மூன்று வாரம் செலவிட்டுத் தைத்தேன். யன்னலோரம் தொங்கவிட்டேன். இரண்டு மாதத்தில் பூ சாம்பல் நிறத்துக்கு வந்தது. கண்ணாடிக்குள் நிறம் இல்லை, மேற்பூச்சில்தான் இருந்திருக்கிறது. அன்று முதல் வாங்கிய ஒவ்வொரு நிறத்திலும் பத்து மணியை எடுத்து, நகப்பூச்சு நீக்கியில் நனைத்த வெள்ளைப் பஞ்சால் தேய்த்துப் பார்க்கிறேன், இன்னும் பத்தை வெந்நீரும் சோப்பும் கலந்த சாசரில் ஓரிரவு விடுகிறேன், வேறு பத்தை யன்னல் விளிம்பில் ஒட்டி வெயிலில் காயவிடுகிறேன்.

ஊசியில் பலர் தவறுவது, மணி ஊசி என்று கேட்டு வாங்கும் நீண்ட மெல்லிய ஊசியால் தடித்த ஃபெல்ட்டைக் குத்துவது. அது வில்லாக வளையும். 10ஆம் எண் கொண்ட குட்டையான கூர் ஊசியே கம்பளிக்குப் பொருத்தம். 11ஆம் அளவு மணியின் துளையிலும் பெரும்பாலும் நுழையும். கம்பளி நூலால் எம்பிராய்டரி செய்ய, காது பெரிதாகவும் முனை கூராகவும் உள்ள வேறு ஊசி வேண்டும்.

நூல் பொலியெஸ்டராகவோ நைலோனாகவோ இருக்கட்டும், தேன்மெழுகில் ஒருமுறை இழுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு வெட்டி எடுக்கும் நூல் முழங்கை நீளத்துக்கு மேல் வேண்டாம். கண்ணாடி மணியின் விளிம்பு மெல்ல மெல்ல அறுக்கும் என்பதால் பருத்தி நூலை மணிக்குப் பயன்படுத்துவதில்லை. ஆறு புரி கொண்ட ஆங்கர் நூலைப் பூவேலைக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். தங்கூசி எனும் மீன்பிடி நைலோன் இழையால் கோக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கழுத்து மாலைக்கு ஆகும். கம்பளியிலோ முடிச்சு வழுக்கும், விறைத்து நிற்கும், வெளிச்சத்தில் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும்.

மணியைத் தைக்கும் முறையைச் சற்று விரிவாகச் சொல்ல முடியுமா?

காலி முகத்திடலின் அந்தியை 30க்கு 40 சென்ரிமீற்றர் ஃபெல்ட்டில் செய்தபோது அலை நுரைக் கோட்டை நான் தைத்த விதத்தைச் சொல்கிறேன். அடித்துணி 4 மில்லிமீற்றர் தடிப்பான சாம்பல் நீலம். மூன்று வகை வெள்ளை எடுத்தேன்: மங்கலான 11, கண்ணாடிபோல் தெளிந்த 11, சில 8. மூன்றையும் ஒரே கிண்ணத்தில் கலந்துவிடாமல், அலை உடையும் இடத்தில் பெரிய மங்கல் மணியும், கரையை நோக்கி நீர் மெலியும் இடத்தில் தெளிந்த மணியும் வருமாறு பிரித்துக்கொண்டேன்.

முடிச்சைப் பின்பக்கம் விடவில்லை. தடித்த ஃபெல்ட்டின் வசதி இதுதான்: ஊசி மறுபக்கம் வெளிவராமலே துணியின் வயிற்றுக்குள் நடந்து வேறிடத்தில் எழலாம். எனவே மேற்புறத்தில் சிறிதாகக் குத்தி நுழைந்து, முடிச்சை மெல்ல இழுத்து உள்ளே புதைத்தேன். பிறகு பின் தையல். நான்கு மணி கோத்து, அவற்றின் நீளத்துக்குச் சரியாகக் கீழே குத்தி, இரண்டு மணி பின்னால் மேலெழுந்து, கடைசி இரண்டு மணிக்குள்ளும் ஊசியை மீண்டும் செலுத்தி, அடுத்த நான்கு. இப்படிச் செய்தால் பாதி மணிகளில் நூல் இருமுறை ஓடும், கோடும் வளைவில் உடையாது. வளைவு நெருக்கமான இடத்தில் நான்குக்குப் பதில் இரண்டு.

இழுப்பு விசையைப் புத்தகம் சொல்லித் தராது, கண் சொல்லித் தரும். துணியைக் கண் மட்டத்துக்கு உயர்த்திப் பக்கவாட்டில் பாருங்கள். மணிக்கும் கம்பளிக்கும் நடுவே நூல் தெரிந்தால் தளர்வு. மணியைச் சுற்றித் தொப்புள்போல் குழி விழுந்தால் இறுக்கம் அதிகம். மணியின் கீழ்ப்பாதி பஞ்சுக்குள் அமர்ந்து மேற்பாதி வெளியே நிற்பதே நான் தேடும் நிலை. அப்போது கம்பளி மணியைப் பிடித்துக்கொள்கிறது, நூல் துணைக்கு இருக்கிறது. கம்பளியில் மணி வேலைக்கென்று நான் சொல்ல விரும்பும் ஒன்று உண்டென்றால் அது இந்தப் பாதிதான். பத்துப் பன்னிரண்டு மணிக்கு ஒருமுறை உள்ளேயே ஒரு சிறு முடிச்சுப் போடுங்கள். நூல் அறுந்தால் பத்து மணியோடு போகும்.

தனி மணியாகத் தெளிக்கும்போது, ஒவ்வொன்றிலும் நூலை இரண்டு முறை ஓட்டினால் ஆடாமல் நிற்கும். நீண்ட கோட்டைத் தனி நூலில் முன்பே கோத்துத் துணிமேல் கிடத்தி, இரண்டு மூன்று மணிக்கு ஒரு தாங்கு தையல் போடுவதும் உண்டு. வேகமானது, ஆனால் தாங்கு நூல் தளர்ந்தால் முழுக் கோடும் நெளியும்.

எத்தனை மணி வாங்குவது?

11ஆம் அளவில் ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 110 மணி வரும், கோட்டில் ஒரு சென்ரிமீற்றருக்கு 7. பத்துக்குப் பத்து சென்ரிமீற்றர் சதுரத்தை இடைவெளியின்றி மூடினால் 30 கிராம் அளவு வேண்டும். ஆனால் அப்படி மூடுவதானால் அடியில் கம்பளி எதற்கு? வகுப்பில் நான் அதிகம் சொல்லும் வார்த்தை "போதும்" என்பதே.

கம்பளிக்கு எந்த எம்பிராய்டரித் தையல்கள் பொருந்தும்?

மேலே நிற்பவை பொருந்தும், படுத்துக் கிடப்பவை புதையும். பிரெஞ்சு முடிச்சு, சங்கிலித் தையல், தண்டுத் தையல் ஆகியவை நன்றாகத் தெரியும். ஓரங்களுக்குக் கம்பளித் தையல் எனும் பிளாங்கெட் தையல் இருக்கவே இருக்கிறது. ஒற்றைப் புரியில் போட்ட நுண்ணிய நிரப்புத் தையல் பஞ்சுக்குள் மறையும். மூன்று புரியாவது எடுங்கள். நூலும் கம்பளியாக இருந்தால் மினுக்கம் இன்றி ஓவியத்தோடு கலக்கும், பட்டு நூலாக இருந்தால் மணிக்கும் கம்பளிக்கும் நடுவே ஒரு படி ஒளியைத் தரும். பூவேலை முதலில், மணி பின்னர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். மாற்றினால் ஒவ்வொரு இழுப்பிலும் நூல் மணியில் சிக்கும்.

ஆரி ஊசியால் செய்ய முடியாதா? சேலை ரவிக்கைக்குச் செய்யும் அளவு பழக்கம் இருக்கிறது.

மெல்லிதாக இறுகிய, சட்டத்தில் பறைபோல் இழுத்துக் கட்டக்கூடிய கம்பளித் துணியில் முடியும். தடித்த ஃபெல்ட்டில் ஆரியின் கொக்கி ஒவ்வொரு முறையும் பஞ்சைப் பிடித்து மேலே இழுத்து வரும். ஒரு மணி நேரத்தில் படத்துக்குத் தாடி முளைத்துவிடும். கையூசிதான்.

வேலை பாதியில் துணி சுருங்கி நெளிகிறது. என்ன செய்வது?

இறுக்கமாகத் தைத்ததே முதற்காரணம். துணி மெல்லியதானால் பின்புறம் பருத்திக் காடாத்துணியைத் தளர்வாக இணைத்துக்கொண்டு இரண்டையும் சேர்த்துத் தையுங்கள். எம்பிராய்டரி வளையத்தில் தடித்த ஃபெல்ட்டைத் திணிக்க வேண்டாம், தழும்பு விழும். சிறு நெளிவாயின், தடித்த துவாயின் மேல் படத்தைக் குப்புறப் போட்டு, பின்புறம் ஈரத்துணி விரித்து, இஸ்திரிப் பெட்டியை அழுத்தாமல் ஆவி காட்டினால் தணியும். இது கண்ணாடி மணிக்கு மட்டும். பிளாஸ்டிக் மணியும் சமிக்கிப் பொட்டுகளும் ஆவியில் சுருண்டுவிடும்.

கொழும்பு ஈரத்திலும் பூச்சியிலும் இதைக் காப்பது எப்படி?

அதிகம் கேட்கப்படுவதும், கேட்கப்பட வேண்டியதும் இதுவே. கம்பளி தன் எடையில் மூன்றிலொரு பங்கு வரை ஈரத்தை உறிஞ்சியும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. மூடிய அலுமாரியில் அந்த ஈரம் பூஞ்சணத்துக்குப் போதும். ஆகவே பொலித்தீனில் சுற்றி மெத்தைக்குக் கீழ் வைப்பதை விடச் சுவரில் காற்றாடத் தொங்குவது நல்லது. வைத்தே ஆக வேண்டுமானால் பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பைகளுடன், மாதம் ஒருமுறை எடுத்து உதறுங்கள்.

கம்பளியைத் தின்பது அந்துப்பூச்சியின் புழு. பறக்கும் பூச்சிக்கு வாயே பயன்படாது. கெரட்டினைச் செரிக்கத் தெரிந்த சில உயிர்களில் அதுவும் ஒன்று. இருட்டும், அசையாத இடமும், வியர்வையோ உணவோ பட்ட துணியும் அதற்கு விருப்பம். வேப்பிலையும் கற்பூரமும் வைக்கிறோம், அம்மம்மா காலத்துப் பழக்கம், வாசமும் நன்று. ஆனால் உள்ளே இருக்கும் முட்டையை அவை கொல்வதில்லை. நப்தலீன் உருண்டையின் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும், குழந்தைகள் உள்ள வீட்டுக்கும் ஆகாது. பயனுள்ள வழி குளிர். பழைய குளிருடையை வாங்கி வந்ததும், முடித்த படத்தில் சந்தேகம் வந்தாலும், காற்றை வெளியேற்றிப் பொலித்தீனில் இறுக மூடி, குளிர்சாதனப் பெட்டியின் உறைபகுதியில், 18 பாகை செல்சியஸ் உறைநிலைக்குக் கீழ், இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் வெளியே விடுங்கள். உடனே திறந்தால் நம்மூர்க் காற்றின் ஈரம் குளிர்ந்த கம்பளியில் நீராகப் படியும்.

கடற்கரைப் பக்கம் வசிப்பவர்களுக்கு இன்னொன்று: ஊசியைக் கம்பளியில் குத்தியபடி இரவு விடாதீர்கள். கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருக்கும் என் வீட்டில், ஒரு வார இறுதி முழுதும் மறந்துபோன ஊசியொன்று வெள்ளைக் கொக்கின் கழுத்தில் பழுப்புத் துருப்புள்ளி ஒன்றை விட்டுச் சென்றது. அந்தப் புள்ளியின் மேல் ஒரு மணியைத் தைத்தேன். கொக்குக்கு இப்போது மாலை போட்டதுபோல் இருக்கிறது.

கழுவலாமா?

கூடாது. தூசி படிந்தால் மென்மையான தூரிகையால் மேலிருந்து கீழே தட்டுங்கள்.

கண்ணாடிச் சட்டம் போடலாமா?

போடலாம். கண்ணாடி மணியைத் தொடாதபடி நடுவே கட்டை வைத்து இடைவெளி விடச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் ஈரம் கண்ணாடியில் படிந்து கம்பளிக்கு இறங்கும். பின் பலகையிலும் சிறு காற்றுத் துளை இருக்கட்டும். படத்தைப் பலகையில் பசையால் ஒட்டுவதாகச் சட்டக்காரர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஓரத்தில் நூலால் தைத்துக்கொடுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம்.

விற்பதானால் விலை எப்படிச் சொல்வது?

பொருட்செலவோடு, வேலை செய்த மணிநேரங்களைக் குறித்து வைத்து, உங்கள் ஒரு மணிநேரத்துக்கு நீங்கள் ஏற்கும் கூலியால் பெருக்குங்கள். வரும் தொகையைப் பார்த்து நீங்களே அதிர்ந்து பாதியாக்குவீர்கள். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள், நானும் செய்திருக்கிறேன். குறைப்பதானால் விலையைக் குறைக்காமல் அளவைக் குறையுங்கள். உள்ளங்கை அளவிலான படத்தில் நாற்பது மணி இருந்தால் அது ஒரு மாலை வேலை, வாங்குபவரும் தயங்க மாட்டார்.

எந்த வயதுப் பிள்ளைகளைச் சேர்த்துக்கொள்கிறீர்கள்?

பத்து வயதிலிருந்து, 6ஆம் அளவு மணியோடு. தம்பி தங்கையைக் கூட்டி வருவதானால் மணி டப்பாவை அவர்களுக்கு எட்டாமல் வைப்பது உங்கள் பொறுப்பு.